மழை றோட்டும் வேகக் காரும்: டயர் வாங்கப் போன ஒரு தாயின் கணக்கு



இந்த மாதம் எழுத எடுத்துக்கொண்ட விடயத்தைக் கேட்டால் உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். பெண்கள் சஞ்சிகையில் கார் டயரைப் பற்றி என்ன கதை என்றும் கேட்கக்கூடும். ஆனால் வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் நான் சந்திக்கும் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஓர் ஓட்டோவோ வேனோ பழைய காரோதான் அடுப்பெரிய வைக்கிறது. லீசிங் கட்டுவதும் நாங்கள், நகையை அடகு வைப்பதும் நாங்கள். வாகனத்தில் எதை மாற்ற வேண்டும், எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வரும்போது மட்டும் "அது ஆம்பிளைங்க விசயம்" என்று ஒதுங்கி நின்றுவிடுகிறோம்.

கடந்த யூன் மாதம் றொசல்லையில் ஓர் அக்காவின் லயத்து வீட்டிற்குப் போயிருந்தேன். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. 1977 கலவரத்திற்குப் பிறகு தாய் தகப்பனோடு கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய மலையகக் குடும்பம் அது. அப்போது அவருக்கு ஏழு வயது. அங்கேயே வளர்ந்து, திருமணமாகி, காணி வெட்டி, வீடு கட்டி, 2009இல் கணவரையும் மூத்த மகனையும் பறிகொடுத்து, செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, எஞ்சிய இளைய மகனோடு 2010இல் உறவுக்காரரைத் தேடி றொசல்லைக்கே திரும்பி வந்தவர். அதன்பின் கொழுந்து எடுத்தே மகனை ஆளாக்கினார். அந்த மகனுக்கு இப்போது 24 வயது. அட்டனில் ஒரு கராஜில் வேலை செய்கிறான். நல்ல கைவேலைக்காரன்.

நான் போன நேரம் வீட்டில் சண்டை.

"மிஸ், நீங்களே கேளுங்க. இவன் கேக்குற டயரு வெலைய கேட்டா எனக்குத் தலை சுத்துது. வாங்காட்டி கார எடுக்க மாட்டானாம்" என்றார் அக்கா.

"அம்மாவுக்கு வெளங்காது மிஸ். இது சும்மா கார் இல்ல. இதுக்குப் போடுற டயரத்தான் போடணும்" என்றான் மகன்.

வாசலில் நின்ற காரைப் பார்த்தேன். 1990களில் ஜப்பானிலிருந்து வந்த ஹொண்டா சிவிக். அதிலும் வேகத்திற்குப் பேர்போன வகை. எங்கோ மோதுண்டு கிடந்ததை இவனும் ஒரு கூட்டாளியும் வாங்கி, இரண்டு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி எடுத்திருக்கிறார்கள். பிறகு கூட்டாளியின் பங்கையும் அம்மாவின் காசில் வாங்கிவிட்டான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஏறியது உங்களுக்குத் தெரிந்ததே. எனவே இந்தக் கார் அவர்களுக்கு ஒரு சொத்து. சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணிக்கு ஹயர், மற்ற நாட்களில் கட்டுநாயக்க விமான நிலையத்திற்கு ஹயர் என்று அதுவே உழைக்கவும் வேண்டும். டயர் நான்கும் ஏறக்குறைய மொட்டை. இனி ஒரு மழை தாங்காது.

அக்காவின் கையில் இருந்தது ஊழியர் சேமலாப நிதியில் வந்த காசின் மிச்சம். மகனுக்கோ நுவரெலியாவில் பார்த்த ரேஸ் கார்களைப் போல 17 அங்குல றிம்மும் அகலமான மெல்லிய டயரும் வேண்டும். அக்கா அவனுக்குத் தெரியாமல் ஒருவரிடம் பாவித்த டயர் நான்கிற்குச் சொல்லி வைத்திருந்தார், கால் விலைக்கு. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சமூகவியல் படித்தவள். டயரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் பாவித்த டயர் என்றதும் எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது.

2017இல் ஒரு கூட்டத்திற்காக நாங்கள் ஏழு பெண்கள் வாடகை வேன் ஒன்றில் வட்டவளையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். அடைமழை. வளைவொன்றில் வேன் றோட்டை விட்டு வழுக்கியது. அதிர்ஷ்டம், மலைப் பக்கத்துக் கானுக்குள் விழுந்தோம். மறுபக்கம் பள்ளம். யாருக்கும் பெரிய காயமில்லை. இறங்கிப் பார்த்தால் டயரில் தவாளிப்பு ஆழமாகத்தான் இருந்தது, புதிது போலவே. பிறகு வந்த மெக்கானிக் ஒருவர் டயரின் பக்கத்தில் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 3206. அதாவது 2006ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்த டயர். பதினொரு வயது. றப்பர் காய்ந்து பலகை போலாகியிருந்தது. யாரோ எங்கோ பாவிக்காமல் போட்டு வைத்திருந்ததை "நல்ல டயர்" என்று வாங்கி மாட்டியிருக்கிறார்கள்.

அந்த நான்கு இலக்கங்களை இன்றுவரை நான் மறக்கவில்லை. எந்த டயரிலும் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டக் கட்டத்திற்குள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்திற்கு ஒருமுறையாவது தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து வருடமானால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். தயாரிப்பாளர் பலரும் சொல்வது இதுதான். அக்கா சொல்லி வைத்திருந்த டயர்களைப் போய்ப் பார்த்தோம். மூன்று 2014, ஒன்று 2012. விரலால் மடித்தால் வெடிப்புத் தெரிந்தது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மகனின் பக்கத்தைக் கவனிப்பது அதைவிடச் சிரமம். ஏனென்றால் அவன் சொல்வதில் பாதி உண்மை.

வேகமான காருக்கு நல்ல பிடிமானமுள்ள டயர் வேண்டும் என்பது சரியே. என்ஜின் எவ்வளவு இழுத்தாலும், பிறேக் எவ்வளவு பிடித்தாலும், றோட்டைத் தொடுவது டயர் மட்டுமே. அதுவும் ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடம்தான் எந்த நேரமும் நிலத்தில் இருக்கும். நான்கு உள்ளங்கை றப்பர்தான் முழுக் காரையும் அதற்குள் இருக்கும் பிள்ளைகளையும் பிடித்து வைத்திருக்கிறது. இதை அக்காவுக்குச் சொன்னபோது அவர் தன் கையை விரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

அவன் ஆசைப்பட்ட ரேஸ் டயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுவரெலியாவில் சித்திரைப் பருவகாலத்தில் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டப்போட்டி நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1930களில், வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தொடங்கியது. றதல்லையிலும் அப்படியொரு போட்டி உண்டு. இரண்டுமே தேயிலைத் தோட்டத்துப் பாதைகள். போட்டிக்காகப் பாதையை மூடி, ஒவ்வொரு காராக மேலே விரட்டி, நேரம் எடுப்பார்கள். அந்தக் கார்களுக்குப் போடுவது மிக மென்மையான றப்பர். சூடேறினால்தான் பிசின் போல றோட்டைப் பிடிக்கும். தவாளிப்பும் குறைவு. எங்கள் றோட்டிலோ காலைக் குளிரில் அந்த டயர் சூடேறவே மாட்டாது. மழைத் தண்ணீர் வெளியேற வழியும் போதாது. சில மாதங்களிலேயே தேய்ந்தும் போய்விடும். போட்டி நாளில் ஒரு கார்தான் மேலே ஏறும். மற்ற நாட்களில் அதே பாதையில் பள்ளிப் பிள்ளைகளும், கொழுந்துச் சாக்கோடு வரும் பெண்களும், மாடும் பஸ்ஸும் இருப்பார்கள். மூடிய பாதையிலும் ஆபத்து இல்லாமலில்லை. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் நடந்த பந்தயத்தில் கார் பாதையை விட்டுப் பார்வையாளர் பக்கம் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள்.

"அங்க மழை பேஞ்சா என்ன டயர் போடுவாங்க தம்பி?" என்று கேட்டேன். "அதுக்கு வேற டயர் இருக்கு மிஸ்" என்றான். "நமக்கு வருசத்துல எத்தனை மாசம் மழை?" என்றார் அக்கா. அவன் பேசவில்லை.

றொசல்லைக்குப் பக்கத்து வட்டவளை இலங்கையிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. வருடத்திற்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் கொட்டும். வைகாசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் புரட்டாதி வரை அவிசாவளை – அட்டன் – நுவரெலியாப் பாதை காய்வதே அரிது. தண்ணீரோடு சேறும், லொறிகள் சிந்தும் எண்ணெயும், உதிர்ந்த இலையும் சேர்ந்துவிடும். எனவே இங்கே டயரின் பிடிமானம் என்றால் ஈரத்தில் பிடிமானம் என்றுதான் அர்த்தம்.

பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் உராய்வைப் படித்தபோது டயரில் தவாளிப்பு உண்டு என்று மனனம் செய்தோம். அது எதற்கு என்பதை எனக்கு விளக்கியது அட்டன் டயர் கடையில் நாற்பது வருடமாக வேலை செய்யும் ஒரு பெரியவர். காய்ந்த, சுத்தமான றோட்டில் தவாளிப்பே இல்லாத டயர்தான் நன்றாகப் பிடிக்குமாம். ரேஸ் காரில் மொட்டை டயர் போடுவது அதனால்தான். ஆனால் றோட்டில் தண்ணீர் நின்றால், டயர் அந்தத் தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ள வேண்டும். அது போகும் வாய்க்கால்தான் தவாளிப்பு. வாய்க்கால் தூர்ந்துபோனால் தண்ணீர் டயருக்கு அடியிலேயே தங்கி, வேகமாகப் போகும் கார் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். அப்போது ஸ்டேரிங் திரும்பும், கார் திரும்பாது. அகலமான டயருக்குத் தள்ள வேண்டிய தண்ணீரும் அதிகம். ஆகையால் அகலம் கூடக்கூட மழையில் மிதக்கும் ஆபத்தும் கூடுகிறது. அகலம் என்றாலே பிடிமானம் என்று நினைக்கும் எங்கள் இளைஞர்கள் இதைக் கவனிப்பதில்லை.

தவாளிப்பின் அடியில் அங்கங்கே சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீற்றர்தான் மிச்சம். கார் டயருக்கு அதுவே கடைசி எல்லை. எங்கள் மழைக்கு அதுவரை காத்திருப்பது நல்லதல்ல, 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடச் சொன்னார் பெரியவர். மொட்டை டயரில் சூடான கத்தியால் புதிதாகக் கோடு வெட்டி விற்பவர்களும் உண்டு. கார் டயரில் அப்படி வெட்டினால் உள்ளே இருக்கும் கம்பி வலையையே வெட்டுவதாகும். கோட்டின் ஓரம் கூர்மையாகவும் ஆழம் ஒரே அளவில்லாமலும் இருந்தால் அந்த டயரைத் தொடாதீர்கள்.

கடையில் வைத்துத்தான் டயரில் எழுதியிருப்பதை வாசிக்கப் பழகினேன். எழுத்து ஆங்கிலம்தான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. இந்தக் காருக்கு உரிய அளவு 195/55 ஆர் 15. முதலாவது அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. கடைசி இலக்கம் றிம்மின் அங்குலம். அதற்குப் பக்கத்தில் 85 வீ என்று இருந்தது. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ சுமக்கும். வீ என்றால் மணிக்கு 240 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும். அந்த வேகத்தில் எங்கள் நாட்டில் யாரும் ஓடப் போவதில்லை, ஓடவும் கூடாது. ஆனாலும் காருக்கு நிர்ணயித்த எழுத்தை விடக் குறைந்ததைப் போடக்கூடாது. அந்த வகை டயரின் கட்டமைப்பு சூட்டையும் வளைவின் இழுவையையும் தாங்குமாறு செய்யப்பட்டது. சரியான அளவு, காற்று எவ்வளவு என்பதெல்லாம் சாரதியின் கதவைத் திறந்தால் ஓர் ஒட்டுத் தாளில் இருக்கும்.

பல டயர்களில் இன்னும் மூன்று குறிப்புகள் உண்டு. ஒன்று தேய்மானம், 200, 300, 400 என்று இலக்கமாக இருக்கும். இலக்கம் கூடினால் நீண்ட காலம் ஓடும், குறைந்தால் றப்பர் பொதுவாக மென்மையாக இருந்து அதிகம் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இந்த இலக்கத்தைத் தயாரிப்பாளரே போடுவதால் ஒரே கம்பனியின் இரண்டு டயர்களை ஒப்பிடத்தான் அது நன்றாக உதவும். மற்றது ஈர றோட்டில் பிறேக் பிடிக்கும் தரம்: ஏஏ, ஏ, பி, சி என்று நான்கு. எங்கள் பக்கத்திற்கு ஏயிற்குக் குறைந்ததை நான் வாங்கமாட்டேன். ஆனால் அந்த எழுத்து நேராகப் போய் நிறுத்துவதை அளந்தது, வளைவை அல்ல. மூன்றாவது சூடு தாங்கும் தரம், ஏ, பி, சி.

மகன் முதலில் கேட்ட டயரின் தேய்மான இலக்கம் 200. கடைக்காரப் பெரியவர் காட்டியது 300ஐச் சுற்றியது, ஈரப் பிடிமானம் ஏ, காருக்கு உரிய அதே அளவு, அந்த வருடமே செய்தது. றப்பரோடு சிலிக்கா சேர்த்த வகை. 1990களின் தொடக்கத்திலிருந்து கார் டயரில் சிலிக்கா பெருமளவில் சேரத் தொடங்கிய பின்தான் குளிரிலும் ஈரத்திலும் சாதாரண டயரே நன்றாகப் பிடிக்கத் தொடங்கியது என்றார். விலையில் மகன் கேட்டதில் ஏறக்குறைய பாதி. பெரிய றிம்மும் சேர்ந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். 17 அங்குல றிம்மில் டயரின் பக்கச் சுவர் மெல்லியதாகிவிடும். எங்கள் றோட்டுக் குழிகளில் ஒரு அடி விழுந்தால் டயரும் போகும், றிம்மும் வளையும்.

அக்கா கணக்குப் போட்டது வேறு விதம். அவர் பாடசாலைக்கு அதிகம் போகாதவர். ஆனால் ஒரு கிலோ கொழுந்துக்கு எத்தனை சதம் குறைத்தார்கள் என்று மனதாலேயே கண்டுபிடிப்பவர். "இது எத்தனை மைல் ஓடும்? அது எத்தனை மைல் ஓடும்? வெலைய மைலால பிரிங்க" என்றார். பிரித்துப் பார்த்தால் மலிவாகத் தெரிந்த பாவித்த டயர்தான் மைலுக்கு அதிகம் தின்றது. மகன் கேட்டது அதற்கு அடுத்தது. கடைக்காரர் சிரித்துவிட்டார்.

நான்கையும் ஒன்றாக வாங்க வசதியில்லாத சகோதரிகளுக்கு ஒரு செய்தி. இரண்டிரண்டாக வாங்குங்கள், ஒன்றாக வாங்காதீர்கள். ஒரே அச்சில் இடமும் வலமும் ஒரே வகை இருக்க வேண்டும். புதிய இரண்டையும் எங்கே போடுவது? எல்லோரும் முன்னுக்கு என்பார்கள். என்ஜின் முன்சில்லை இழுக்கும் காரானாலும் புதியதைப் பின்னுக்குப் போட வேண்டும் என்பதே டயர் செய்பவர்களின் ஆலோசனை. முன் டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். மழையில் வளைவில் பின் டயர் வழுக்கினால் காரே சுழன்றுவிடும், நிதானிக்க நேரம் கிடைக்காது. இதைக் கேட்டு மகனே ஆச்சரியப்பட்டான், கராஜிலும் இத்தனை நாள் மாறித்தான் செய்திருக்கிறார்கள்.

மேல்தோல் புதிதாக ஒட்டிய றீபில்ட் டயரை பஸ்ஸிலும் லொறியிலும் பின்சில்லுக்குப் பாவிக்கிறார்கள். நல்ல இடத்தில் செய்தது நன்றாகவே ஓடும். வேகமாகப் போகும் காருக்கு அது வேண்டாம். பக்கச் சுவரில் ஓட்டை விழுந்த டயருக்கு பஞ்சர் ஒட்டியும் பாவிக்க வேண்டாம். காற்றை வாரம் ஒருமுறை, காலையில் வண்டி ஓட முன், டயர் குளிராக இருக்கும்போது பாருங்கள்.

எந்த நல்ல டயரும் பிறேக்கின் வேலையைச் செய்யாது. 2023 சனவரி 20 அன்று றதல்லை குறுக்குப் பாதையில் மாணவரை ஏற்றி வந்த பஸ் கட்டுப்பாட்டை இழந்து வேன் ஒன்றிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும்போது சின்னக் கியரில் இறங்கினால் பிறேக் சூடேறாது. மகனிடம் இதைச் சொன்னேன், தெரியும் என்றான். தெரிந்தவர்கள்தான் அதிகம் மறக்கிறார்கள்.

டயர் மாட்டிக்கொண்டிருந்த நேரம் பெரியவர் இன்னொரு கதையும் சொன்னார். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதையிலிருந்து முளைத்த றப்பர் கன்றுகளை அதே வருடம் கம்பஹா எனரத்கொடைத் தோட்டத்தில்தான் முதன்முதலாக நட்டார்களாம். 1960களில் சோவியத் உதவியோடு களனியில் அரசாங்க டயர்த் தொழிற்சாலை வந்தது. இப்போது அங்கே சியட் டயர் செய்கிறார்கள். அக்கா இடைமறித்து, தன் அம்மாயியின் தங்கை எட்டியாந்தோட்டையில் றப்பர்ப் பால் எடுத்தவர் என்றார். அட்டனிலிருந்து இதே றோட்டில் கீழே இறங்கினால் தேயிலை முடிந்து றப்பர் தொடங்கும் இடம் அது. விடிய முன் எழும்பி, மழை வந்தால் சம்பளமில்லாமல் மரம் மரமாக வெட்டிப் பால் எடுத்த பெண்கள். "அவங்க எடுத்த பாலுலதானே இதெல்லாம் செஞ்சாங்க. நமக்கு வெளங்காதாம்" என்று மகனைப் பார்த்துச் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நட் இறுக்கினான்.

காசு அக்காவே எண்ணிக் கொடுத்தார். சேமலாப நிதி மிச்சத்தில் இரண்டு டயர், சீட்டுக் காசில் இரண்டு டயர். பில்லில் டயரின் நான்கு இலக்கத் திகதியையும் எழுதித் தரச் சொன்னார். கடைக்காரர் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார். வீல் எலைன்மன்டும் அங்கேயே பார்த்துக்கொண்டோம். அது சரியில்லாவிட்டால் புதிய டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து சில மாதத்தில் காசெல்லாம் வீணாகும்.

திரும்பி வரும்போது மழை. அக்கா முன் ஆசனத்தில் இருந்தார். நான் பின்னால். வேன் வழுக்கிய அந்த வளைவுக்கு இந்தக் கார் வரவில்லை, றொசல்லை அதற்கு முன்னமே வந்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அக்காவின் கை கதவுப் பிடியை இறுக்கியதைப் பார்த்தேன். மகனும் அதைப் பார்த்தான். வழக்கத்தை விட மெதுவாகவே ஓட்டினான் என்று நினைக்கிறேன்.

அடுத்த கிழமை போனபோது பழைய டயர் நான்கும் லயத்தின் தகரக் கூரைமேல் காற்றுக்குப் பாரமாக ஏறியிருந்தன. உள்ளே மழைத்தண்ணீர் தேங்கி நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. டெங்குக்காரர் வந்தால் வழக்குப் போடுவார், ஒவ்வொன்றிலும் அடியில் இரண்டு மூன்று துளை போடுங்கள் என்றேன். மகன் கராஜிலிருந்து கொண்டு வந்த ட்றில்லோடு கூரைக்கு ஏறினான். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அக்கா.